கீழிருந்து ஏறும் வரி

லிஃப்ட் கதவு திறந்தபோது எதிரே இருட்டாக இருந்தது. எலெக்ட்ரீஷியன் ஒரு காலை வெளியே வைத்தார். தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிந்தது.

"ஆள் வந்தா எரியும் மேடம். போனா அணைஞ்சிடும். மொத்தம் அஞ்சு. கரண்டை மிச்சம் பிடிக்கிறாங்களாம்."

"நடுவுல நின்னுட்டா?"

"அசையாம நின்னா அஞ்சு நிமிஷம். அப்புறம் அணைஞ்சிடும். கையை ஆட்டினா திரும்ப வரும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பேய்க்கு எரியாது. அதனால எரிஞ்சா பயப்படாதீங்க. மனுஷன்தான்."

தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தபடி முன்னால் நடந்தார். பொறியாளர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு பின்தொடர்ந்தாள்.

மருத்துவமனையின் அடித்தளம். ஈரம் ஊறிய சிமெண்ட் வாசனை. முதல் விளக்கின் கீழ் உடைந்த கட்டில்களைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். ஒன்று மட்டும் உடையவில்லை. அதன் கால்மாட்டில் 9 என்று ஒரு தகடு.

"இதுக்கு என்ன அண்ணா?"

"ஒண்ணுமில்ல. மேல யாரும் அதுல படுக்க மாட்டேங்கிறாங்க. இறக்கியாச்சு."

விளக்குகள் ஒவ்வொன்றாக முன்னால் எரிந்தன. ஒவ்வொன்றாகப் பின்னால் அணைந்தன. ஐந்தாவது விளக்கைத் தாண்டினால் சர்வர் அறை. கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளே குளிர், ஒரே சீரான இரைச்சல், ஒரு மேசை, ஒரு நாற்காலி. அறைக்குத் தனி விளக்கு. அதுவும் ஆள் இருந்தால்தான் எரியும்; அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குமிழ். அவள் நுழைந்ததும் குமிழில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது.

"அசைவு தெரிஞ்சா அது மினுங்கும்," என்றார் எலெக்ட்ரீஷியன். "உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கும். துணைக்கு வச்சுக்கோங்க."

அன்று திங்கள்கிழமை.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு, மேலே, ஒன்பதாம் கட்டிலில் ஒருவர் இறந்தார். பிற்பகல் மூன்று பத்துக்கு மூச்சு நின்றது. மூன்று பதினேழுக்குத்தான் பார்த்தார்கள். மூச்சு நின்றால் செவிலியர் மேசையில் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றார் வார்டு சிஸ்டர். அடித்தது, நீங்கள்தான் நிறுத்திவிட்டீர்கள் என்றது நிர்வாகம். சனிக்கிழமை விசாரணை. சிஸ்டர் சொல்வதை நிரூபிக்க முடியாவிட்டால் வேலை போகும், உரிமம் போகும், அதன்பின் போலீஸ்.

சாட்சி ஒன்றுதான். அந்த மணியை அடிக்க வேண்டிய அடித்தளத்து சர்வர்.

அந்த ஏழு நிமிடம் சர்வர் உறைந்து கிடந்தது. மீளுமுன் ஒரு பட்டியல் எழுதி வைத்தது.

சர்வரின் அடியாழத்தில் ஓடும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதற்குள் ஒரு வேலை இன்னொன்றை ஏவும். அது மற்றொன்றை ஏவும். ஏவும்போது, முடிந்ததும் எங்கே திரும்பி வரவேண்டும் என்று ஒரு சீட்டு வைக்கப்படும். சீட்டின் மேல் சீட்டு. இயந்திரம் செயலிழந்து விழும்போது அந்த அடுக்கைப் படித்துப் பட்டியலாக எழுதும். அடியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த வேலை. உச்சியில், அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருப்பது.

முடிந்த வேலையின் சீட்டை யாரும் கிழிப்பதில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். படிக்கும் நிரல் வழி தவறினால் பழைய சீட்டையும் பொறுக்கிவிடும். அந்த வரிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடும்.

படிக்கும் நிரலை எட்டு வருடங்களுக்கு முன் எழுதியவள் அவள்தான். வழி தவறினால் 'தெரியாது' என்று சொல்லி நிற்கும்படி எழுதியிருக்கலாம். வெற்றுப் பட்டியலை யாரும் விரும்பவில்லை. ஊகிக்கும்படி எழுதினாள்.

சர்வர் எழுதியது, '? மணி அடி'. விசாரணைக்கு நகல் எடுத்த குமாஸ்தா, கேள்விக்குறி அசிங்கமாக இருக்கிறது என்று அழித்துவிட்டார்.

'மணி அடி' மிஞ்சியது.

அவள் புதிய நிரலோடு வந்திருந்தாள். இது ஊகிக்காது. ஒவ்வொரு சீட்டையும் சரிபார்த்துத்தான் அடுத்ததற்குப் போகும். ஒரு வரி சேரவில்லை என்றாலும் முழுப் பட்டியலையும் தள்ளிவிடும்.

மதியத்துக்குள் பழைய பதிவை அதில் ஓட்டினாள். 'மணி அடி' காணாமல் போயிற்று. அது அன்று காலைச் சோதனையில் அடித்த மணியின் சீட்டு. மூன்று பத்துக்கு மணி அடிக்கவில்லை.

சிஸ்டரை வார்டிலிருந்து எடுத்துத் துணிக்கிடங்கில் போட்டிருந்தார்கள். தகவல் தெரிந்ததும் இறங்கி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் இன்னும் மடிக்காத ஒரு போர்வை.

"அப்போ முடிஞ்சுதா மேடம்?"

"இன்னும் இல்ல. இந்த நிரலை எப்படி நம்புறதுன்னு விசாரணைக் குழு கேக்குது. ஓடிக்கிட்டிருக்கிற சர்வர்ல, அதே மூணு பத்து வாக்குல, குறையில்லாத பட்டியல் ஒண்ணு காட்டணும். அந்த நேரத்துலதான் அன்னன்னிக்குக் கணக்கெல்லாம் சேமிக்கும். சுமை அதிகம்."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கே எடுத்துடலாம்."

சிஸ்டர் போர்வையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"என் பொண்ணை ஸ்கூல்ல கேட்டாங்களாம். 'உங்கம்மாதானே அது'ன்னு. அது வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லல. சாப்பிடல. மறுநாள் அதோட ஃபிரெண்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

மூன்று பத்துக்கு அவள் பட்டியல் எடுத்தாள்.

ஐந்து வரிகள் வரவேண்டும். ஆறு வந்தன.

ஆறாவது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. தொடக்க வேலைக்கும் கீழே. அங்கே எதுவும் இருக்க முடியாது. வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கீழே ஒரு மாடி இருப்பது போல.

வரியின் எதிரே நிரல் எழுதியிருந்தது:

சீட்டு: சரி. வேலையின் பெயர்: இல்லை.

கடைசியில் தீர்ப்பு. நம்பத்தக்கதல்ல.

தன் தவறு என்று நினைத்தாள். அன்றிரவு, தங்கியிருந்த விடுதியில் நிரலை வரி வரியாகப் படித்தாள். தவறு எதுவும் கிடைக்கவில்லை.

செவ்வாய், மூன்று பத்து. ஆறு வரிகள். பெயரில்லாதது அடியில் இல்லை. ஒரு படி ஏறி, தொடக்க வேலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

சீட்டு: சரி.

வரிசை மாறாது. சீட்டின் மேல் சீட்டு வைப்பார்கள். யாரும் நடுவில் செருக மாட்டார்கள். மேலே நான்கு பேர் வேலை முடித்து எழுந்து, இதற்கு வழிவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும்.

அவள் நிமிர்ந்தாள். கதவின் கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்தது. தூரத்தில், லிஃப்ட் கோடியிலிருந்து இரண்டாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் போலும். கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

மாலையில் அவரைக் கேட்டாள்.

"நானா? மத்தியானம் முழுக்க மொட்டை மாடியில இருந்தேன் மேடம். தண்ணித் தொட்டி மோட்டார் மக்கர். ஏன்?"

"சும்மாதான்."

புதன், மூன்று பத்து. இன்னும் ஒரு படி. கீழே இரண்டு வரி, மேலே மூன்று.

இம்முறை உடனே கண்ணாடியைப் பார்த்தாள்.

மூன்றாவது விளக்கு.

அதன் கீழே தரை பளபளத்தது. சுவரில் தண்ணீர்க் கறை. தீயணைப்பு வாளி. வேறு எதுவும் இல்லை. முதல் இரண்டு விளக்குகள் எரியவில்லை. நடந்து வந்திருந்தால் அவையும் எரிந்திருக்கும்.

கதவைத் திறந்து, "யாரு?" என்றாள்.

குரல் போய்த் திரும்பி வந்தது.

அவள் காத்திருந்தாள். ஐந்து நிமிடத்தில் அணைய வேண்டிய விளக்கு ஏழு நிமிடம் எரிந்தது.

வியாழக்கிழமை சிஸ்டரை வரச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. தனியாக இருக்க வேண்டாம் என்றுதான்.

இரண்டரைக்கே வந்துவிட்டார். கிடங்கிலிருந்து ஒரு முக்காலியும் கொண்டுவந்திருந்தார்.

"அவரு எப்படிப்பட்டவர்?" என்று கேட்டாள்.

"ஒன்பதாம் கட்டிலா?" சிஸ்டர் கொஞ்சம் சிரித்தார். "பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஓட்டினவர். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது. ஆனா வாய் மட்டும் ஓயாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாரு. தலையணை சரியில்ல, ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு. 'வரேன்யா'ன்னு குரல் கொடுப்பேன். அது போதும் அவருக்கு. நான் போகணும்னுகூட இல்ல. யாராவது வரேன்னு சொல்லணும்."

"கோபம் வராதா உங்களுக்கு?"

"வரும். ஒருநாள் கத்திட்டேன். 'எனக்கு ரெண்டு கால்தான் இருக்கு, பத்துக் கட்டில் இருக்கு'ன்னு. அதுக்கு அவரு சொன்னாரு…" சிஸ்டர் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலைக் கட்டையாக்கிக்கொண்டார். "'நீ வரலைன்னா நானே இறங்கி வந்துடுவேன் சிஸ்டர். ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னுதான் வருவேன். லேட் ஆகும். ஆனா வண்டி வந்துடும்.'"

பொறியாளர் சிரிக்கவில்லை.

திரையில் மணி மூன்று பத்து.

பட்டியல் வந்தது. கீழே மூன்று வரி. மேலே இரண்டு.

"சிஸ்டர். கண்ணாடியில பாருங்க. எத்தனாவது விளக்கு எரியுது?"

சிஸ்டர் எழுந்து போய்ப் பார்த்தார். விரலால் எண்ணினார்.

"நாலாவது." பிறகு, "ஆனா யாரையும் காணோமே."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் மூச்சு படிந்து விலகியது, படிந்து விலகியது.

"மேடம்," என்றார் மெதுவாக. "ஸ்பிரிட் வாசனை அடிக்குதா உங்களுக்கு?"

அடித்தது. ஊசி போடுமுன் தோலில் தடவுகிற அந்த வாசனை. சர்வர் அறையில் அதற்கு வேலையில்லை.

இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பதினேழுக்கு அணைந்தது.

"பட்டியல் சுத்தமா வந்துச்சா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"இல்ல."

"நாளைக்கு?"

"தெரியல."

சிஸ்டர் முக்காலியை எடுத்துக்கொண்டார். கதவருகே நின்றார். வெளியே போக வேண்டும், நான்காவது விளக்கின் கீழே நடக்க வேண்டும். பொறியாளர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் வரை இருவரும் வேகமாக நடந்தார்கள். ஒன்பது என்ற தகட்டைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கம்பெனி மேலாளர் போனில் கேட்டார். "அந்த அம்மா மேல தப்பு இல்லைன்னு உனக்குத் தெரியும். பழைய பதிவு சுத்தமா இருக்கு. அப்புறம் என்ன இழுத்துக்கிட்டே இருக்கே?"

"ஓடுற சர்வர்ல ஒரு வரி சேரல சார்."

"ஒரு வரிதானே?"

"ஒரு வரிதான்."

"ஒரு வரிக்கு ஒரு வரி எழுதிட்டுப் போம்மா."

அவர் சொன்னதன் பொருள் அவளுக்குத் தெரியும். தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று பத்து.

கீழே நான்கு வரி. மேலே ஒன்றே ஒன்று. அந்த ஒன்று, இப்போது ஓடிக்கொண்டிருப்பது. அதன் முதுகுக்கு நேர் பின்னால் பெயரில்லாதது நின்றது.

கண்ணாடியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது விளக்கின் வெளிச்சம் கதவுக்கு அடியில் ஒரு கோடாக அறைக்குள் விழுந்திருந்தது.

கோடு முழுதாக இருந்தது. நடுவில் நிழல் இல்லை. பாதங்கள் இல்லை.

ஸ்பிரிட் வாசனை.

அவள் விசைப்பலகையை இழுத்தாள். விரல்கள் இரண்டு முறை தவறின. மூன்றாவது முறை சரியாக எழுதினாள். ஒரே ஒரு வரி.

வேலையின் பெயர் இல்லையென்றால், அந்தச் சீட்டைக் காட்டாதே.

மூன்று பன்னிரண்டுக்கு மறுபடி பட்டியல் எடுத்தாள். ஐந்து வரிகள். ஐந்தும் சரி. தீர்ப்பு: நம்பத்தக்கது.

குமாஸ்தா ஒரு கேள்விக்குறியை அழித்திருந்தார். அவள் ஒரு வரியை அழித்தாள்.

கதவுக்கு அடியில் வெளிச்சம் அப்படியே இருந்தது. மூன்று பதினேழு வரை அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அணைந்ததும் ஓடினாள். தலைக்கு மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

எலெக்ட்ரீஷியன் மேலே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கீழ அந்த அஞ்சு விளக்கும் எப்பவும் எரியற மாதிரி பண்ண முடியுமா? நாளைக்கு ஒரு நாள் போதும்."

"கரண்ட் பில் பார்த்தா என்னைத் தொங்க விட்டுடுவாங்க மேடம்."

"ப்ளீஸ்ணா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எரிஞ்சா மனுஷன்தான்னு சொன்னேனே," என்றார். குரலில் வேடிக்கை இல்லை. பிறகு, "சரி, பண்ணிடறேன். அறைக்குள்ள இருக்கிறதை மட்டும் தொட முடியாது. அது வேற லைன்."

சனிக்கிழமை விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பழைய பதிவு. நேற்றைய பட்டியல்.

"இதுல எதையும் விடலையே?"

"இல்ல சார்."

"கையெழுத்துப் போடுங்க."

போட்டாள்.

வெளியே சிஸ்டர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அழவில்லை. "மூணு மணி டியூட்டிக்கே வரச் சொல்லிட்டாங்க," என்றார். "பொண்ணுக்கு போன் பண்ணிட்டேன். 'அப்ப நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்'னுச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமைடின்னேன்." இப்போது அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த விளக்கு?" என்று கேட்டார்.

"ரிப்பேர். சரி பண்ணியாச்சு."

சிஸ்டர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

புதிய நிரலை சர்வரில் நிரந்தரமாகப் பதித்துவிட்டுப் போக வேண்டும் என்று குழு சொல்லியிருந்தது. இருபது நிமிட வேலை. இரண்டரைக்குள் முடித்துக் கிளம்பிவிடலாம் என்று இருந்தாள். கையெழுத்துகளும் முத்திரைகளும் தாமதமாயின. லிஃப்ட் இறங்கியபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம்.

நடைபாதை முழுதும் வெளிச்சம். ஐந்து விளக்கும் எரிந்தன. மூலை, வாளி, கறை எல்லாம் தெரிந்தது. பயப்பட எதுவும் இல்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பதிப்பதைத் தொடங்கினாள்.

பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. முடிந்ததும் நிரல் தானே ஒரு பட்டியல் எடுத்துக் காட்டியது.

ஐந்து வரிகள். நம்பத்தக்கது.

மூலையில் மணி. மூன்று பத்து.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் புரிந்தது.

நேற்றுவரை அது எங்கே நிற்கிறது என்று தெரியும். எத்தனை வரி கீழே, எத்தனை வரி மேலே என்று எண்ணலாம். எந்த விளக்கு என்று எண்ணலாம். இன்று பட்டியலில் அதைக் காட்டாதே என்று சொல்லியிருக்கிறாள். நடைபாதையில் எல்லா விளக்கும் எரிகின்றன.

நேற்று ஐந்தாவது விளக்கு. நேற்று மேலே ஒரே ஒரு வரி.

அவள் எழுதிய வரியை நீக்கினால் பார்த்துவிடலாம். விசைப்பலகை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினால் போதும்.

நீட்டவில்லை.

பார்க்க வேறு வழி இருந்தது. அறைக்குத் தனி விளக்கு. அசைவு இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் அணையும். அணைந்தால் அறையில் வேறு யாரும் இல்லை.

அசையாமல் இருந்தாள். மூச்சை மெல்ல விட்டாள். கண்களை மட்டும் உயர்த்தி வெள்ளைக் குமிழைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி இல்லை.

மூன்று பதினொன்று.

சர்வரின் இரைச்சல். கழுத்தில் குளிர்காற்று.

மூன்று பதின்மூன்று. இன்னும் இரண்டு நிமிடம். இருட்டு வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக.

மூன்று பதினைந்து.

விளக்கு எரிந்தது.

கடிகாரம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். உட்கார்ந்தபோது தோள் அசைந்திருக்கலாம். அவள் மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

ஸ்பிரிட் வாசனை வந்தது. தூரத்திலிருந்து அல்ல.

யாராவது வரேன்னு சொல்லணும் என்று சொல்லியிருந்தார் சிஸ்டர். அவள் வாயைத் திறந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்று பதினாறு. அவள் அசையவில்லை.

மூன்று பதினேழு.

குமிழில் சிவப்புப் புள்ளி மினுங்கியது.